ஏழாம் படியில் வைத்த ஜால்ரா

1

புதன்கிழமை சாயங்காலம் பஜனைக் கொட்டகைக்கு நான் போகிற வழக்கமில்லை. புதன்கிழமை ஆண்களின் ஒத்திகை. நாங்கள் பெண்கள் வெள்ளிக்கிழமைதான் போவோம். ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது, எங்கள் கோஷ்டிக்கு இது பத்தாம் ஆண்டு, குத்துவிளக்கு கறுத்துக் கிடக்கிறதே என்று புளியும் சாம்பலும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருக்கிறது. அதில் பன்னிரண்டு படிகள். ஏழாம் படியில் ஒருவன் நின்று பாடிக்கொண்டிருந்தான். ரயில்வே ஸ்டேஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கிற குமாஸ்தா துரைசாமி. மணவூர்க்காரர்களின் பிள்ளை. நல்ல குரல். கையில் ஜால்ரா. அது என் வீட்டுக்காரருடைய ஜால்ரா. ஒரு பக்கம் விளிம்பு நசுங்கியிருக்கும், எங்கே பார்த்தாலும் தெரியும்.

அவன் அங்கேயே நின்றிருந்தால்கூட, ஏதோ ஒத்திகைக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். என்னைப் பார்த்ததும் நெருப்பை மிதித்தவன் மாதிரி கீழே குதித்தான். ஜால்ராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பாட்டு பாதியில் நின்றது. மேலே நின்றவர்கள், கீழே நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

கோஷ்டித் தலைவர் நாயுடு மட்டும், "இன்னாம்மா கன்னி, இன்னிக்கு வந்துகினு இருக்க?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"விளக்கு தேய்க்கலாம்னு வந்தேங்க" என்றேன்.

தேய்த்தேன். கை தானாகத் தேய்த்தது. யாரும் பாடவில்லை. புளி தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த முகங்களை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததை இனி பார்க்காததாக ஆக்க முடியாது.

2

சித்தூர் ஜில்லா திருத்தணியிலிருந்து மலாயாவில் இந்த ஈப்போ ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள் நான். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு மலைப்படியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படிக்கு ஒரு நாள் என்று வருஷம் முழுவதும் மலையில் அடுக்கி வைத்திருக்கிறது. படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு பாட்டுப் பாடித்தான் அடுத்த படியில் கால் வைப்பார்கள். சின்ன வயதில் பாதி மலை ஏறுவதற்குள் பசி வந்துவிடும். கீழே தெலுங்கில் ஒரு கூட்டம் பாடும், மேலே தமிழில் ஒரு கூட்டம் பாடும். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே மலை உண்டு, சுண்ணாம்புக் கல் மலை. ஆனால் நம் படி கிடையாது. ரயில்வே லைன் வீடுகளில் இருந்த திருத்தணி, அரக்கோணம் ஆட்கள் சேர்ந்து, தண்டவாளத்திலிருந்து கழித்துப் போட்ட கட்டைகளைக் கேட்டு வாங்கி, அந்த மண்மேட்டில் பதித்தார்கள். வருஷத்துக்கான படிகளுக்கு இடம் ஏது? மாசத்துக்கு ஒரு படி என்று வைத்துக்கொண்டார்கள். படிக்கு ஓர் ஆள். கீழ்ப்படிக்காரர் முதல் அடியைப் பாடுவார், எல்லோரும் வாங்கிப் பாடுவோம். பிறகு அடுத்த படி. குரல் மட்டும் மேலே ஏறும், ஆட்கள் அவரவர் படியிலேயே நிற்பார்கள். "இந்தப் படி ஏறினேன் இன்னொரு படி காட்டு" என்று முடியும் அந்தப் பாட்டை நாயுடுதான் கட்டினார். பெண்கள் கீழே உட்கார்ந்து வாங்கிப் பாடுவோம். விளக்கு ஏற்றுவது ஒரு சுமங்கலி. முதல் வருஷத்திலிருந்து அது நான்.

இந்தக் கோஷ்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது டூட்டிக்குப் போயிருந்தால், ஊருக்குப் போயிருந்தால், அவர் படியில் அவருடைய ஜால்ராவை வைத்துவிட்டு, அந்த அடியைப் பாடாமல் விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போவார்கள். ஆள் திரும்பி வருவான் என்று அர்த்தம். இறந்துபோனால் வேறு முறை. இறந்தவர் வீட்டிலிருந்து ஒருவர் படியடியில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். எல்லோரும் "ஏறட்டும்" என்பார்கள். கீழே நிற்பவர்கள் ஒவ்வொருவராக ஒரு படி மேலே நகர்வார்கள். புது ஆள் கீழ்ப்படியில்தான் சேருவான். நடுப்படியில் யாரும் புதிதாக வந்து நிற்பதில்லை.

என் வீட்டுக்காரர் ஏழாம் படி. யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தப் படியில் ஜால்ரா இருந்தது. விளக்கை ஏற்றிவிட்டு அதைப் பார்ப்பேன். அதற்குத்தான் போவேன் என்றும் சொல்லலாம்.

3

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் தண்டவாள வேலை தெரிந்தவர். வேலையிடத்திலிருந்தே லாரியில் ஏற்றிவிட்டார்கள். மூன்று மாசத்தில் அனுப்பிவிடுவோம் என்றார்களாம். மத்தியானச் சோற்றுத் தூக்கு மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அன்றைக்கு மரவள்ளிக் கிழங்கு கட்டிக் கொடுத்திருந்தேன். பாதி சாப்பிட்டிருந்தார்.

யுத்தம் முடிந்து வடக்கேயிருந்து ரயில் வர ஆரம்பித்த பிறகு ஸ்டேஷனுக்குப் போவேன். இறங்குகிறவர்களில் எலும்பும் தோலுமாக யாரைப் பார்த்தாலும் கேட்பேன். எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. கடையில் உப்பு கேட்பதற்கே மகளை அனுப்புவேன். ஆனால் பிளாட்பாரத்தில் கேட்டேன். "திருத்தணி ஆள், உயரமா இருப்பார், பாடுவார், பாத்தீங்களா?" பெயர் சொன்னால்தானே தெரியும் என்பார்கள். கட்டினவர் பெயரை எப்படிச் சொல்வது? மகள் கனகம் கூட வந்தால் அவள் சொல்வாள். பிறகு அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

ரேஷன் கார்டு ஆபீசிலும் இதே கதைதான். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற ஆள், "புருஷன் பேர்?" என்பான். நான் கனகத்தைப் பார்ப்பேன். அவள் இங்கிலீஷில் சொல்வாள். "இருக்கிறாரா?" என்பான். "சயாம் போயிருக்கார்" என்பேன். "எப்போ வருவார்?" என்பான். இந்த வருஷம் அந்தக் கேள்வி வந்தபோது கனகம் என் கையைப் பிடித்து, "போதும் அம்மா, ஜோம், போலாம்" என்றாள். ஜோம் என்பது மலாய்ப் பேச்சு. வா, போகலாம் என்று அர்த்தம். ஐந்து வார்த்தை பேசினால் இரண்டு அவளுக்கு மலாயில் வருகிறது. வீட்டில் இருக்கும்போதும் காலில் ஷூ, இங்கே சப்பாத்து என்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பழகுகிறாள். கோஷ்டிக்கு வருவதேயில்லை. பிள்ளை நம் கையை விட்டுப் போகிறது, இந்த மண் இழுத்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன். ஊருக்கும் அப்படித்தான் எழுதினேன்.

4

புதன்கிழமை கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே காதர் பாய் வந்தார்.

காதர் பாய் அரக்கோணம். ரயில்வே ஷெட்டில் மெக்கானிக். கோஷ்டிக்குப் பாட மாட்டார், பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடித்துக் கொடுப்பார். "நாயுடு மேல்ஸ்தாயி போனா இஞ்சினு தானா பிரேக் போட்டுக்குது, சொல்லி வைய்யுங்க" என்று கேலி பேசுவார். எங்கள் வீட்டுக்காரரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். என்னைத் தங்கச்சி என்பார். அவரையும் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்ததும் முதல் ரயில்களில் ஒன்றில் வந்து இறங்கினார். அன்றைக்கே என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவரிடம் படுத்தபடியே கேட்டேன், பார்த்தீர்களா என்று. "வேற கேம்ப்பும்மா" என்றார். மழை பெய்கிற நாள்களில் என்னோடு ஸ்டேஷனுக்கு வந்து குடை பிடித்திருக்கிறார்.

இப்போது வாசல்படியில் குந்தினார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நீ கேளு. நான் சொல்லிடறேன்."

"வேற கேம்ப்புன்னீங்களே பாய்."

"ஒரே கேம்ப்பு. ஒரே கொட்டாயி. பக்கத்துப் பக்கத்துலதான் படுத்துகினு இருந்தோம்."

நான் நின்றபடியே கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை.

ஆற்றோரம் மண் கரை எழுப்பினார்களாம். கூடையில் மண் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஏறுவதற்குக் கரையிலேயே மண்வெட்டியால் படி வெட்டியிருந்தார்கள். மழையில் வழுக்கும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு படிக்கும் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு ஏறுவாராம்.

"இன்னாடா மச்சான், இங்கயும் உன் சாமியக் கூப்பிட்டுகினு இருக்கன்னு கேட்டேன். அவரு கேக்கறாரோ இல்லியோ, பாடினா படி கணக்கு தப்பாது, கால் வழுக்காதுன்னு சொன்னான். அப்புறம் நாங்க பின்னாடி போறவங்களும் அவன் பாட்டக் கேட்டுதான் கால் வெச்சோம்."

பிறகு வாந்தி பேதி வந்தது. அந்தக் கொட்டாயில் நிறைய பேருக்கு வந்தது. மருந்து கிடையாது.

"ரொம்ப நாள் இழுக்கலம்மா. நான்தான் குழி வெட்டினேன். உங்க மொறை எனக்குத் தெரியாது. தெக்குப் பக்கமா தலைய வெச்சேன். சரியா தப்பான்னு இன்னிக்கும் தெரியல."

"சரிதான் பாய்" என்றேன். அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"வந்த அன்னிக்கே நாயுடுகிட்ட சொல்லிட்டேன். நீ அப்போ கால் வீங்கிப் படுத்துகினு இருந்த. பொழைக்க மாட்டன்னாங்க. எழுந்து நடக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னாரு. நீ எழுந்து நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்ட."

கோஷ்டியில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பெண்டாட்டிகளுக்குத் தெரியும். நான் ரயிலுக்குப் போகும்போதெல்லாம் கதவருகே நின்று, "போய்ட்டு வாம்மா" என்றவர்களுக்குத் தெரியும். லைனில் எந்த வீட்டைத் தாண்டிப் போனாலும், அந்த வீட்டுக்கு என் தாலியின் கணக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

அழுகை வரும் என்று காதர் பாய் காத்திருந்தார். வரவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது. "டீ போடட்டுமா?" என்று கேட்டேன். அவர்தான் அழுதார்.

5

கனகம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமாடி?"

சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஆங்."

"எப்போலேர்ந்து?"

"சயாம்லேர்ந்து திரும்பி வந்த ஆள் ஒருத்தர் எங்க வார்டுல கெடந்தாரும்மா. நைனா பேரச் சொல்லிக் கேட்டேன். அவருக்குத் தெரிஞ்சிருந்துது. காதர் மாமா கிட்டப் போய்க் கேட்டேன். ஆமான்னாரு."

"என்கிட்ட வந்து சொல்லலியே நீ."

"எப்டிம்மா சொல்றது? நீ தலை வாரிப் பூ வெச்சிகினு கோஷ்டிக்குக் கெளம்பிகினு இருந்த. எப்டிச் சொல்றது?" கத்தினாள். "அந்த ஜால்ராவப் பாக்க முடியாமத்தான் நான் வர்றதில்ல. நீ என்னடான்னா சட்டைக்காரி ஆயிட்டேன், மலாய்க்காரி ஆயிட்டேன்னு ஊருக்கெல்லாம் எழுதற!"

எனக்குக் கோபமா, என்னவென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தாள், இன்னொன்று காலிலேயே இருந்தது. அதை நான் கழற்றினேன். பாதம் முழுக்கக் கொப்புளம். ஆஸ்பத்திரியில் நாள் முழுவதும் நிற்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வளையலை, பொட்டை என்ன செய்வது என்ற பேச்சு அன்று எங்களுக்குள் வரவில்லை. லைன் பெண்கள் வருவார்கள், அவர்கள் சொல்வார்கள் என்று இருந்தேன். யாரும் வரவில்லை. வரக் கூச்சமாக இருந்திருக்கும். இத்தனை நாள் சிரித்துப் பேசிவிட்டு இப்போது வந்து எப்படிக் கட்டிக்கொண்டு அழுவார்கள்?

6

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனேன். கனகமும் வந்தாள், படிப்பக்கம் பார்க்காமல் கம்பத்தருகே நின்றாள்.

துரைசாமி கீழே ஓர் ஓரமாக நின்றான். ஏழாம் படியில் மறுபடி ஜால்ரா இருந்தது. நாயுடு எதிரில் வந்தார். இந்த வருஷம் ஆண்டு விழாவுக்குத் தைப்பிங், பினாங்கு, கோலாலம்பூர் என்று நாலைந்து ஊரில் கூப்பிட்டிருக்கிறார்கள். தைப்பூசம் வரைக்கும் கச்சேரி. ஊருக்கு ஊர் மரப்படி அடித்து வைக்கப் போகிறார்கள். இந்த வருஷம் நம் நாட்டுக்குச் சுயராஜ்யம் வேறு வரப்போகிறது என்று எல்லோருக்கும் ஒரே உற்சாகம். நடுவில் ஓர் அடி பாடாமல் விட்டால் வெளியூரில் சிரிப்பார்கள் என்று துரைசாமியை அங்கே பழக்கியிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்ல என்னிடம் வரத் தைரியமில்லை.

"ஒவ்வொரு வெள்ளியும் சொல்லிடலாம்னு வருவேம்மா" என்றார். "நீ வெளக்கத் தொடச்சிகினு இருப்ப. சரி, அடுத்த வெள்ளின்னு விட்டுருவேன். இப்டியே போயிட்ச்சி. நீ என்ன திட்டு, வாங்கிக்கறேன்."

நெருப்புப் பெட்டியை எடுக்க விளக்கருகே போனேன். அங்கே இல்லை. நாயுடுவின் சம்சாரம் கையில் இருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

நாயுடு மெல்லச் சொன்னார். "இன்னிலேர்ந்து இவ ஏத்தட்டும்மா. தப்பா நெனைக்காத. பத்தாம் வருஷம், நாலு ஊரு போற காரியம். உனக்கே மொறை தெரியும். நீ கீழ குந்திப் பாடு, யார் வேணான்னா?"

அந்தக் கொட்டகையில் நான் தனியாகக் குரல் எழுப்பினதே கிடையாது. வாங்கிப் பாடும்போதுகூடப் பக்கத்து அம்மாள் குரலுக்குள் ஒளிந்துகொண்டுதான் பாடுவேன். அன்று எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அண்ணா, ரெண்டு வருஷமா இந்த வெளக்க யாரு ஏத்தினது?"

"நீதாம்மா."

"நான் அப்போ இன்னாவா இருந்தேன்?"

அவர் படிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இவங்க எல்லாருக்கும் தெரியும். தாலி போனவ ஏத்தற வெளக்குன்னு தெரிஞ்சேதானே சுத்தி நின்னு பாடினீங்க? சாமிக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த வெளக்கு ஒரு நாளாவது எரிய மாட்டேன்னுச்சா?"

பின்னால் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த காதர் பாய் கையை நிறுத்தினார்.

"நாயுடுகாரு, மக்கர் பண்றது எல்லாம் என்னுதுதான்" என்றார். "தங்கச்சி வெளக்கு ஒரு நாளும் நின்னதில்ல. நான் பாத்துகினுதான் இருக்கேன்."

படியில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள். நாயுடு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அவர் பதில் சொல்வதற்குள் அவர் சம்சாரம் என்னிடம் வந்து, நெருப்புப் பெட்டியை என் கையில் வைத்து, கையை மூடினாள்.

"இந்தா, நீயே ஏத்து. இத்தினி நாள் வாய மூடிகினு இருந்தவங்களுக்கு இப்போ இன்னா மொறை?" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. தன்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஏற்றினேன். இரண்டு குச்சி வீணானது. மூன்றாவது பிடித்தது.

7

கிருத்திகையன்று முதல் கச்சேரிக்கு முன்னால் படி நகர்த்துகிறார்கள். ஜால்ராவை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். ஆறாம் படிக்காரர் ஏழுக்குப் போவார், துரைசாமி கீழ்ப்படியில் சேருவான். அதுதான் அவன் இடம், அவனும் அதைத்தான் கேட்டானாம். வீட்டிலிருந்து ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கனகம் கூப்பிடட்டுமே என்று நாயுடு சொன்னார். மகள் சொன்னால் குற்றமில்லை. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இன்று மத்தியானம் அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. கனகம் முன்னறையில் தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டேஷனில் எத்தனை பேரிடம் உயரம், ஊர், பாட்டு என்று சொல்லிச் சொல்லிக் கேட்டேன். பெயரை மட்டும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருப்பார். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. அடுப்பைப் பார்த்தபடி ஒரு தரம் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன்.

"தணிகாசலம்" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தரம். அவ்வளவு சத்தமாக வரும் என்று நினைக்கவில்லை.

முன்னறையில் இஸ்திரிப் பெட்டி நகரும் சத்தம் நின்றது. பிறகு, கோஷ்டிப் பக்கமே வராத என் மகள் அங்கிருந்தபடியே சொன்னாள்:

"ஏறட்டும்."